செவ்வாய்க்கிழமை வாளி

நவம்பர் 5, புதன், இரவு

இதை யாருக்கும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். பார்வை உள்ளவர்கள் கையில் கிடைத்தால் எனக்குப் பயமில்லை. அவர்களுக்கு இது பழைய காலண்டர் தாளில் புடைத்திருக்கும் வெறும் புள்ளிகள். தங்கபுஷ்பம் மேடம் இந்த ஹாஸ்டலுக்கு வார்டனாக வந்து பதினோரு வருடம் ஆகிறது. பிரெயிலில் ‘அ’ எது என்று இன்னும் தெரியாது. பயம் உன்னிடம்தான். நீ விரலால் படிக்கிறவள். படி, ஆனால் உதட்டை அசைக்காதே. யாராவது கேட்டால் பழைய வரலாறு நோட்ஸ் என்று சொல்.

என் பெயர் இசக்கியம்மாள். பதினொன்றாம் வகுப்பு. வகுப்புத் தலைவி. ஹாலில் இருபத்திரண்டு பேர் தூங்குகிறார்கள். எங்கள் டிரங்குப் பெட்டிகளை வைத்திருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்டைலஸ் குத்துகிற சத்தம் கேட்காமலிருக்கப் பலகைக்கு அடியில் பாவாடையை மடித்து வைத்திருக்கிறேன். இங்கே எல்லோருக்கும் காது கூர்மை.

நேற்றுக் காலை பெனிட்டா சாம்பார் வாளியோடு விழுந்துவிட்டாள். சமையலறைப் படியில் மழைத்தண்ணீர் கிடந்தது. இரண்டு காலும் இடது கையும் வெந்துவிட்டன. ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து அவள் என் பக்கத்துப் பாய்.

சமையலறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வாளி தூக்க முன்பு ஒரு ஆள் இருந்தார். ஆடி மாதத்தோடு நின்றுவிட்டார். அதிலிருந்து பெரிய பிள்ளைகள் நாங்கள்தான் தூக்குகிறோம், நாளுக்கு ஒருத்தி.

ஹெச்.எம். சார் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, அவள் ஏன் சமையலறைக்குப் போனாள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

இன்று மாலை மேடம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு பேப்பரில் கட்டைவிரல் ரேகை வாங்கினார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். சொன்னேன்.

“ஒன் கையெழுத்துக்கு நா ஸ்கேல புடிச்சுக்கிட்டு நிக்கணும். வெரல நீட்டுட்டி.”

என்ன பேப்பர் என்று கேட்டேன். பெனிட்டாவுக்கு ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்ப்பதற்காம். என் விரலை இரண்டு தடவை வைத்தார். மற்றவர்களுக்கு ஒரு தடவைதான் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று முறை சோப்புப் போட்டேன். மை போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. வாசனை போகவில்லை.

நவம்பர் 6, வியாழன், இரவு

என்னிடம் ஒரு போன் இருக்கிறது. எழுதிவிட்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அண்ணன் கொடுத்தான், அவனுடைய பழைய போன். சிம் இல்லை. தொட்டால் தொட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும். ஒரு காகிதத்தைப் படம் எடுத்தால் அதில் உள்ள எழுத்தைப் பிரித்துப் படித்துக் காட்டும். பின்பக்க லைட் மட்டும் எரியாது என்றான் அண்ணன். எனக்கு எதற்கு லைட் என்று கேட்டுச் சிரித்தேன்.

ஹாஸ்டலில் போன் கூடாது. போன வருடம் பிளஸ் டூ அக்கா ஒருத்தியிடம் இருந்ததை மேடம் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். பிறகு அவளுடைய அப்பாவை வரச்சொன்னார். அவள் பரீட்சைக்குத்தான் திரும்பி வந்தாள். என் போன் நாப்கின் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. அதை யாரும் துழாவ மாட்டார்கள்.

பெனிட்டாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன் வைத்துக் கேட்போம். போனில் பேசுகிற பெண்ணுக்கு ‘நியூஸ் அக்கா’ என்று அவள்தான் பெயர் வைத்தாள். எதைப் படித்தாலும் ஒரே குரல். முதலில் பிஸ்கட் கவரைப் படித்தோம். பிறகு பெனிட்டாவுக்குச் சுவர்களின் மேல் ஆசை வந்தது. அவளுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். எங்கே கறுப்பாக, எங்கே வெள்ளையாக இருக்கிறது என்று ஓரளவு சொல்வாள். அவள் காட்டுகிற பக்கம் நான் போனைப் பிடிப்பேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் தலைக்கு மேலே ஒரு பெரிய போர்டு இருக்கிறது. அது என்ன என்று ஆறாம் வகுப்பில் கேட்டபோது, திருக்குறள் என்று மேடம் சொன்னார். நியூஸ் அக்கா அதைப் படித்தாள். திங்கள், பொங்கல், முட்டை. புதன், கோழிக் குழம்பு. வெள்ளி, முட்டை, வாழைப்பழம். மாலையில் தினமும் சுண்டல், பால்.

என் காதிலிருந்த இயர்போனைப் பெனிட்டா பிடுங்கினாள். பிறகு, “ஏட்டி, எட்டு வருசமா கோழிக்குக் கீழ உக்காந்து ரசஞ்சோறு திங்கோம்” என்றாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவள் சிரிப்பை முதலில் நிறுத்திவிட்டாள்.

இன்று அதற்காக எழுத உட்காரவில்லை. சாயங்காலம் மேடம் என்னிடம் ஒரு ஃபைலைக் கொடுத்து, காலையில் ஹெச்.எம். சார் மேசையில் வைக்கச் சொன்னார். ஹாஸ்டலுக்கும் ஆபீசுக்கும் நடுவே கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காகிதம் கொண்டுபோவது என் வேலைதான்.

“ஒங்கிட்ட இருந்தா பத்திரம். பீரோல வச்சாக்கூட யாராச்சும் எடுத்துப் படிச்சிருவாவ.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உள்ளே இரண்டு தாள். முகர்ந்தேன், அதே மை. ஹாலில் எல்லோரும் தூங்கிய பிறகு இங்கே வந்து இரண்டையும் படம் எடுத்தேன். முதல் தாள்: எழுத்து எதுவும் இல்லை. இரண்டாவது தாள்: எழுத்து எதுவும் இல்லை. திருப்பி வைத்து எடுத்தேன், தலைகீழாக வைத்து எடுத்தேன், தூரத்தில் பிடித்து எடுத்தேன். பதினேழு படம். எழுத்து எதுவும் இல்லை.

அப்படியானால் வெறும் தாளில் ரேகை வைத்திருக்கிறோம். இனி அதில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

ஃபைலை மேசையில் வைத்துவிட்டேன். கணக்கு டெஸ்ட் எழுதினேன். மழை.

நவம்பர் 9, ஞாயிறு, இரவு

பார்வையாளர் நாள். எனக்கு யாரும் வரவில்லை. பெனிட்டாவின் சட்டைத் துணிகளை எடுத்துப் போக அவளுடைய அம்மா வந்தாள். மணப்பாட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். நேரே ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள், சேலையெல்லாம் டெட்டால் வாசனை. நான்தான் பெனிட்டாவின் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மேடம் வாசலில் நின்றார். அவருடைய வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“நீ அவ கூட்டாளில்லா. என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாம இருக்காதே மக்ளே.”

குளித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அன்றைக்கு சாரிடம் தெரியாது என்றேன், இன்று குளித்தேன் என்றேன். ஒன்றைச் சொன்னால் அதையே சொல்லவேண்டும் என்று கூட எனக்குத் தெரியவில்லை.

அவள் கோபப்படவில்லை. என் தலையைத் தடவினாள். பெனிட்டாவுக்கு இரண்டு மாதம் நடக்க முடியாதாம். பள்ளிக்கூடத்திலிருந்து டி.சி. கொடுத்துவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு வந்த ஆள் ஒருவர் சொல்லிவிட்டுப் போனாராம். “அங்க ஊர்ல வீட்டுல வச்சு நா என்னத்தப் படிப்புச் சொல்லிக் குடுக்க” என்றாள். பிறகு, “அவ ஒங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. வெளிச்சத்தப் பாத்துக்கிடச் சொல்லும்மான்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மருந்து மயக்கத்துல சொல்லுதாளோ என்னமோ” என்றாள்.

எனக்கும் விளங்கவில்லை. சாயங்காலம் துணி மடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பெட்டி அறையில் நாங்கள் படம் எடுக்கும்போதெல்லாம் பெனிட்டாதான் சுவிட்சைத் தட்டுவாள். வெளிச்சம் வந்துவிட்டது என்பாள். எடுத்து முடித்ததும் அவளே அணைப்பாள். இந்த அறை ஜன்னலில் வெளிச்சம் இருந்தால் எதிரே மேடம் ரூமுக்குத் தெரியும் என்று பயப்படுவாள். படம் எடுக்க வெளிச்சம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் என் கைக்கு அது தெரியவில்லை. நான் இருட்டைப் பதினேழு படம் எடுத்திருக்கிறேன்.

இப்போது பிஸ்கட் கவரை வைத்துச் சோதித்தேன். சுவிட்ச் மேலே இருக்கும்போது: எழுத்து எதுவும் இல்லை. கீழே தட்டிவிட்டு எடுத்தேன்: கோதுமை மாவு, சர்க்கரை, தாவர எண்ணெய். உடனே மேலே தட்டி அணைத்தேன். அணைந்ததா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன்.

அந்தத் தாள்கள் வெறும் தாள்கள் அல்ல. கையில் வைத்திருந்து கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய், இரவு

இன்று இரண்டாவது பீரியடில் ஹெச்.எம். சார் என்னைக் கூப்பிட்டார். ஃபைலில் தேதி போடவில்லையாம், மேடமிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

மழை விட்டு வெயில் அடித்தது. கயிற்றில் நடு முடிச்சு வரும் இடத்தில் நின்றேன். அங்கே இரண்டு பக்கமும் ஜன்னல் இல்லை என்று பெனிட்டா சொல்லியிருக்கிறாள். முதுகில் வெயில் சுட்டது. தாளைத் தரையில் வைத்தால் நனையும் என்று இடது கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் எடுத்தேன். தூரத்தில் யாரோ முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பெருக்குகிற சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. முதல் தாளை மட்டும்தான் எடுக்க முடிந்தது. செருப்புச் சத்தம் வந்ததும் ஃபைலை மூடிவிட்டேன்.

இப்போதுதான் கேட்டேன். நான்கு தடவை கேட்டேன். போனைப் பிடுங்கிக்கொண்டாலும் இருக்கட்டும் என்று அப்படியே இங்கே குத்துகிறேன்:

‘கீழே கைரேகை வைத்துள்ள மாணவிகளாகிய நாங்கள் தெரிவிப்பது. பதினொன்றாம் வகுப்பு மாணவி பெனிட்டா, மாணவிகளுக்குத் தடை செய்யப்பட்ட சமையலறைக்குள் யாருடைய அனுமதியும் இன்றித் தன்னிச்சையாக நுழைந்து விபத்துக்கு உள்ளானார். இப்பள்ளியில் மாணவிகள் சமையலறை வேலைக்கு ஒருபோதும் பயன்படுத்தப்படுவதில்லை. மேற்படி மாணவி இதற்கு முன்பும் பலமுறை ஒழுங்கீனமாக நடந்துள்ளார். இந்த வாக்குமூலம் எங்களுக்குப் படித்துக் காட்டப்பட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு ரேகை வைக்கிறோம்.’

நியூஸ் அக்கா கோதுமை மாவைப் படித்த அதே குரலில் இதையும் படித்தாள்.

படித்துக் காட்டப்பட்டு.

நவம்பர் 12, புதன், இரவு

வெள்ளிக்கிழமை குழந்தைகள் தினம். அன்றைக்கே மாவட்ட ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கும் வருகிறார். இனிப்பும் அவரே கொடுப்பாராம். காலையில் வரவேற்புப் பாட்டுப் பழகினோம். நான் இரண்டாவது குரல்.

வாளி தூக்க இரண்டு நாளாக வெளியிலிருந்து பெண்கள் வருகிறார்கள். சமையலறை வாசலுக்குக் குறுக்கே புதிதாகக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கதவின் உள்பக்கத்தைத் தடவினேன். அங்கே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இப்போது இல்லை. நான்கு மூலையிலும் டேப்பின் பசை மட்டும் விரலில் ஒட்டியது.

அந்தக் காகிதத்தின் படம் என் போனில் இருக்கிறது. திங்கட்கிழமை, மூன்றாம் தேதி சாயங்காலம், நானும் பெனிட்டாவும் எடுத்தது.

தடவிக்கொண்டிருந்தபோது மேடம் பின்னால் வந்துவிட்டார். ஒன்று சொன்னார். அதை இன்று எழுதமாட்டேன்.

நவம்பர் 13, வியாழன், இரவு

ஃபைல் மறுபடியும் என்னிடம் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு அதிகாரி வருவதற்குள் சார் மேசையில் வைக்க வேண்டும். ரேகையெல்லாம் அப்படியேதான் இருக்கிறது, தேதி மட்டும் எழுதியாயிற்று என்றார் மேடம். என்னிடம் கொடுப்பதில் அவருக்குப் பயமே இல்லை. நான் ஒரு மேசை மாதிரி.

மழை கொட்டுகிறது. ஹாலில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சுவிட்சைக் கீழே தட்டினேன். இரண்டாவது தாளை டிரங்குப் பெட்டியின் மேல் விரித்து, நான்கு மூலையையும் தொட்டுப் பார்த்து, இரண்டு சாண் உயரத்தில் பிடித்து எடுத்தேன். முதல் படத்திலேயே கிடைத்துவிட்டது. நியூஸ் அக்கா தொடங்கும்போது ஹாலில் மின்விசிறிகள் நின்றன. கரண்ட் போய்விட்டது. எங்களுக்கு அதனால் புழுக்கம் மட்டும்தான்.

‘சாட்சி ஒன்று. இசக்கியம்மாள், பதினொன்றாம் வகுப்புத் தலைவி. சம்பவத்தன்று காலை நான் சமையலறை வாசலில் நின்று, உள்ளே போக வேண்டாம் என்று பெனிட்டாவை இருமுறை தடுத்தேன். அவர் என் பேச்சைக் கேட்காமல் சென்றார்.’

அதற்குக் கீழேதான் என் இரண்டாவது ரேகை.

இருமுறை என்பது மட்டும் சரி. இரண்டு தடவை கேட்டேன். இதை இனியும் எழுதாமல் இருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை வாளி என்னுடையது. பெனிட்டாவுக்கு வியாழன். திங்கள் சாயங்காலம் எடுத்த படத்தைக் கேட்க அன்று இரவு முடியவில்லை, போனில் சார்ஜ் இல்லை, ராத்திரி ஒளித்துவைத்துச் சார்ஜ் போட்டேன். காலையில் எல்லோரும் குளிக்கப் போயிருக்கிறபோது கேட்டுவிடலாம் என்று எனக்கு ஆசை. இன்றைக்கு மட்டும் நீ வாளிக்குப் போயேன் என்று அவளிடம் கேட்டேன். முதல் தடவை மாட்டேன் என்றாள், படியில் தண்ணீர் கிடக்கிறது, வழுக்கும் என்றாள். இரண்டாவது தடவை கெஞ்சினேன்.

“சரி, போறேன். கேட்டுட்டு ஒடனே வந்து சொல்லு. அதுலயும் கோழின்னு போட்டிருந்தா இன்னைக்கே சமையல் அண்ணாச்சிகிட்ட சண்டைக்குப் போயிருவேன்.”

அவள் பேசியதில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

நான் இங்கே இதே பெட்டியின் மேல் உட்கார்ந்து கேட்டேன். கட்டம் போட்ட காகிதமாக இருந்தால் நியூஸ் அக்கா குறுக்கே படிக்க மாட்டாள், மேலிருந்து கீழே படிப்பாள். வாளி எடுக்கும் முறை, என்றாள். பிறகு கிழமைகள் எல்லாம் வரிசையாக வந்தன. பிறகு பெயர்கள். கிழமையில் இரண்டாவது செவ்வாய். பெயரில் இரண்டாவது எது என்று கேட்பதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தேன், எனக்குத் தெரிந்ததுதானே. இசக்கியம்மாள் என்று அவள் சொன்னாள். அப்போதுதான் வாளி விழுந்த சத்தம். அதற்குப் பிறகு பெனிட்டாவின் சத்தம். அதற்கு நடுவிலும் நியூஸ் அக்கா நிறுத்தாமல் மற்றப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், ஒப்பம், விடுதிக் காப்பாளர், என்றாள்.

நான் ஓடவில்லை. முதலில் போனை நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்தேன். பாக்கெட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியைப் பூட்டினேன். அதற்குப் பிறகுதான் போனேன்.

நேற்று மேடம் சொன்னது இது: “செவ்வாக்கெழம யார் மொறைன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஒம்பேர நா வெளிய விடல. அந்த நன்றி இருக்கட்டும்.”

அவர் என்னை அடிக்கவில்லை. தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

நாளைக்கு என்ன செய்யலாம் என்று இரண்டு மணி நேரமாக யோசிக்கிறேன். ஃபைலை மேசையில் வைத்துவிட்டு இரண்டாவது குரல் பாடிவிட்டு லட்டு வாங்கிக்கொண்டு வரலாம். பெனிட்டா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டாள். டி.சி.யை வாங்கிக்கொண்டு ஊரில் போய் உட்காருவாள். அவளுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், அதை வைத்துக்கொண்டு அங்கே என்ன படிப்பாள்.

வாளியை எங்களைத் தூக்கவைத்ததற்கு ஒரே அத்தாட்சி அந்த முறைக் காகிதம். கதவிலிருந்து அதைக் கிழித்துவிட்டார்கள். இப்போது அது என் போனில் மட்டும் இருக்கிறது. மேடத்தின் கையெழுத்தோடு இருக்கிறது. செவ்வாய்க்கு நேரே என் பெயரோடும் இருக்கிறது. ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைக் காட்ட முடியாது.

நான் வாயால் சொன்னால் பிள்ளை பொய் சொல்கிறாள் என்பார்கள். ரேகை வைத்திருக்கிறாளே என்று ஃபைலைக் காட்டுவார்கள். அதனால் நான் பேசப்போவதில்லை. அதிகாரி முன்னால் இயர்போனைக் கழற்றிவிட்டு, சத்தத்தை முழுதாக வைத்து, நியூஸ் அக்காவைப் பேசவிடப் போகிறேன். கிழமைகளைச் சொல்லட்டும். பெயர்களைச் சொல்லட்டும். இரண்டாவது பெயரைச் சொல்லும்போது, நான்தான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்வேன். போனைத் தொட்டியில் போடட்டும். அண்ணனை வரச்சொல்லட்டும். எனக்கும் டி.சி. கொடுக்கட்டும்.

மழை விட்டுவிட்டது. ஹாலில் மின்விசிறிகள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. ஜன்னல் வழியாகவும் நல்ல காற்று வருகிறது. முறைக் காகிதத்தில் உள்ள பெயர்களையும் இங்கே வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் படுக்கிறேன். அதற்குப் பிறகு இந்தத் தாள்களைப் பெனிட்டாவின் பெட்டியில், அவளுடைய கம்பளிக்கு அடியில் வைப்பேன். அவளுடைய மீதித் துணியை எடுக்க ஆள் வரும்போது அவள் கைக்குப் போய்விடும். பெனிட்டா, நீதான் படிக்கிறாய் என்றால், உதட்டை அசைத்தே படி. சத்தமாகவே படி. முதல் பக்கத்தில் எழுதியதை விட்டுவிடு.

திங்கள், மகிழ்வதனி. செவ்வாய், இசக்கியம்மாள். புதன், ஸ்டெபிலா. வியாழன், பெனிட்டா. வெள்ளி

வராந்தாவில் செருப்புச் சத்தம். வளையல். மேடம் இந்த நேரத்தில் வருவதே இல்லை.

கதவைத் தட்டுகிறார். பெட்டி ரூமில் லைட்டு ஏன் எரிகிறது என்று